கஞ்சாச் சட்டமும் கிராம் கணக்கும்

கஞ்சா, சரஸ், பாங்கு மூன்றையும் ஆராய 1893-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு குழு அமைத்தது. 1,193 சாட்சிகளை விசாரித்த குழு, அளவோடு எடுத்தால் பெரிய தீங்கில்லை, அளவு மீறினால்தான் கேடு, முழுத்தடை வேண்டாம் என்றது. வரி வருமானமும் அரசுக்குத் தேவைப்பட்டது!

1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் அந்த அளவுக் கணக்கை ஓரங்கட்டியது. கஞ்சாச் செடியின் பிசினான சரஸோடு பிடிபட்டவர், சொந்த உபயோகத்துக்கான சிறு அளவுதான் என்று தானே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் அதிகபட்சம் 6 மாதம். இல்லாவிட்டால் கடத்தல்காரருக்கு உரிய அதே தண்டனை, குறைந்தது 10 ஆண்டு.

2001-இல் திருத்தம் வந்து, எடைக்கு ஏற்ற தண்டனை என்றானது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. விசாரணையில் இருந்த வழக்குகளுக்கும் இது பொருந்தியது. ஏற்கெனவே தண்டிக்கப்பட்டு மேல்முறையீட்டில் காத்திருந்தவர்களுக்கு மட்டும் பொருந்தவில்லை.