275 அலாரம்!

கடைசி பதினோரு நிமிடத்தில் 275 அலாரம் அலறினால், நீங்கள் என்னதான் செய்வீர்கள்?

1994 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மில்ஃபோர்ட் ஹேவன் டெக்ஸாகோ எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. காலையில் இடி, மின்னல், கூடவே கோளாறு. ஒரு வால்வு மூடிக் கிடந்தது. கம்ப்யூட்டர் திரையோ 'திறந்திருக்கு' என்று சாதித்தது! கன்ட்ரோல் ரூமில் இருந்த இரண்டு பேர், பாவம், எதைப் பார்ப்பார்கள்? மதியம் சுமார் 20 டன் எரிபொருள் வெளியேறி வெடித்தது. 26 பேருக்குக் காயம். நல்லவேளை, உயிர்ப்பலி இல்லை.

விசாரணையில் தெரிந்தது: அங்கிருந்த அலாரங்களில் 87 சதவிகிதம் 'மிக அவசரம்' ரகமாம்! எல்லாமே அவசரம் என்றால் எதை முதலில் கவனிப்பது?

சிரிக்காதீர்கள். திரையில் எரர் வந்ததும் படிக்காமலே 'ஓகே' தட்டுகிறோமே... செய்தி மறைஞ்சிடும், கோளாறு?