பீரோவில் மடித்து வைத்த அந்தப் புடவையை என்ன செய்யலாம்? கஷ்ட காலத்தில் போர்வை தைத்தவர்களின் கதை

உங்க வீட்டு பீரோவைத் திறந்தா, கட்டவும் மாட்டோம், தூக்கிப் போடவும் மாட்டோம்னு ஒரு துணி நிச்சயம் இருக்கும். பாட்டியோட சுங்குடி, அப்பாவோட கட்டம் போட்ட சட்டை, அம்மா கடைசியா கட்டின காட்டன் புடவை. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுப்போம், முகர்ந்து பார்ப்போம், திரும்ப மடிச்சு வெச்சிடுவோம்.

அந்தத் துணியைத் துண்டு துண்டா வெட்டுங்கன்னு யாராவது சொன்னா கோபம்தான் வரும். ஆனா, உலகத்தின் பல மூலைகளில் துக்கத்திலும் பஞ்சத்திலும் சிறையிலும் இருந்த பெண்கள் அதைத்தான் செய்திருக்கிறார்கள். வெட்டி, அடுக்கி, திரும்பச் சேர்த்துத் தைத்தார்கள். அப்படி உருவாகும் போர்வைக்கு ஆங்கிலத்தில் குவில்ட் என்று பெயர். மேலே துண்டுத் துணிகள், நடுவில் பஞ்சோ பழைய துணியோ ஒரு அடுக்கு, அடியில் ஒரு முழுத் துணி. மூன்றையும் ஊடுருவிப் போகும் தையல்தான் அதைக் குவில்ட் ஆக்குகிறது.

வேலைக்குப் போன சட்டை, போர்வையான கதை

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து ஓடும் ஒரு திருப்பத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சின்ன ஊர் இருக்கிறது. மூன்று பக்கமும் தண்ணீர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பின மக்களின் ஊர் அது. 1932-ல், கடன் கொடுத்த வியாபாரி இறந்துபோக, கடனுக்கு ஈடாக ஊர்க்காரர்களின் மாடு, ஏர், தானியம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மாவில்தான் தாண்டினார்கள். பலகை வீடுகள் வேறு. இடுக்கு வழியாகக் குளிர்காற்று வரும். அங்கே போர்வை என்பது அழகுக்கான பொருள் இல்லை, பிள்ளைகள் விறைத்துப் போகாமல் இருக்க வேண்டிய பொருள். கிழிந்த டெனிம், சோளச் சாக்கு, எது கிடைத்தாலும் தைத்தார்கள்.

அந்த ஊரில் மிசோரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். 1942-ல், அவர் வயலுக்குப் போட்டுப்போன பேன்ட், சட்டைகளையெல்லாம் எடுத்து, மகள் அர்லோன்சியாவையும் கூட வைத்துக்கொண்டு கிழித்துப் போர்வை தைத்தார் மிசோரி. அவரை நினைத்துக்கொள்ளவும், அன்போடு போர்த்திக்கொண்டு தூங்கவும்தான் அம்மா அதைத் தைத்தார் என்று மகள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தப் போர்வையின் படத்தை ஒருமுறை தேடிப் பாருங்க. பேன்ட்டின் முழங்கால் பகுதியில் துணி நைந்து வெளுத்திருப்பது அப்படியே தெரியும். அதை மறைக்க அவர் முயற்சியே செய்யவில்லை. ஒரு மனிதர் மண்டியிட்டு வேலை பார்த்த இடம் அது! 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சிக்குப் பிறகு ஜீஸ் பெண்ட் போர்வைகள் உலகப் புகழ் பெற்றன. 2006-ல் அமெரிக்கா அவற்றை அஞ்சல் தலையாகவே வெளியிட்டது. மிசோரியின் போர்வை இப்போது வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஆனால், அவர் அதைத் தைத்தபோது சுவரில் மாட்ட நினைத்திருக்க மாட்டார்.

அதே வருஷம், சாங்கி சிறையில்

அதே 1942. பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களைச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் இன்னொரு பக்கம். ஒரே வளாகம்தான். ஆனால், சுவருக்கு அந்தப் பக்கம் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்று மனைவிக்குத் தெரியாது, மனைவியைப் பற்றி அவருக்கும் தெரியாது.

அங்கே இருந்த எத்தல் மல்வானி என்ற கனடா நாட்டுப் பெண் ஒரு வழி கண்டுபிடித்தார். மருத்துவமனையில் இருக்கும் காயம்பட்டவர்களுக்குப் போர்வை தைத்துத் தருகிறோம் என்று அனுமதி வாங்கினார். ஆளுக்கு ஒரு சதுரத் துணி, சுமார் ஆறு அங்குலம். அதில் உங்களைப் பற்றி ஏதாவது எம்ப்ராய்டரி செய்யுங்கள், பெயரையும் போடுங்கள் என்றார். பழைய துணிகளிலிருந்து உருவிய நூலால் பூ, வீடு, கொடி, சிறை அறை என்று ஆளாளுக்குத் தைத்தார்கள். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலிய வீரர்களுக்கு ஒன்று, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு ஒன்று என மூன்று போர்வைகள்.

எதிரிக்கும் எதற்குப் போர்வை என்று தோணுதா? அந்த ஒன்று இருந்ததால்தான் மற்ற இரண்டும் தடையில்லாமல் வெளியே போயிருக்கும் என்பது பலரின் கணிப்பு. செம மூளை இல்ல? போர்வையில் இருந்த பெயர்களைப் படித்தால் போதும், யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று மருத்துவமனையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். கடிதத்துக்குத் தடை இருந்த இடத்தில் போர்வையே கடிதமாகப் போனது.

இதே சிறையில் சிறுமிகளும் சும்மா இருக்கவில்லை. கிடைத்த துண்டுத் துணிகளை அறுகோணமாக வெட்டிச் சேர்த்து, தங்கள் கைடு குழுத் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக ரகசியமாகத் தைத்தார்கள். பெரியவர்களுக்கு யோசனை வந்ததே இதைப் பார்த்துத்தான் என்றும் சொல்வதுண்டு. அது இப்போது லண்டனில், இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பரிசு வாங்கிய போர்வையும் ஒரு உறுத்தலும்

கஷ்ட காலத்தில் குவில்ட் பெரிய அலையாகவே அடித்தது 1930-களின் அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சியின்போதுதான். மாவும் கோழித் தீவனமும் பருத்திச் சாக்கில் வரும். பெண்கள் அந்தச் சாக்கைத் துவைத்துத் தைக்கிறார்கள் என்று தெரிந்ததும், கம்பெனிகளே பூப்போட்ட துணியில் சாக்கு தயாரிக்க ஆரம்பித்தன. எந்த டிசைன் சாக்கு வேண்டும் என்று பார்த்து மாவு வாங்கிய காலம் அது.

1933-ல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி, சியர்ஸ் நிறுவனம் குவில்ட் போட்டி வைத்தது. இருபதாயிரத்துக்கும் அதிகமான போர்வைகள் குவிந்தன. முதல் பரிசு 1,200 டாலர். கையில் காசே இல்லாத காலத்தில் எவ்வளவு பெரிய தொகை! கென்டக்கியைச் சேர்ந்த ஒரு பெண் வாங்கினார். அந்தப் போர்வையில் அவர் ஒரு தையல்கூடப் போடவில்லை, கூலிக்குத் தைத்துக்கொடுத்தது வேறு பெண்கள், பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பதெல்லாம் பல வருடங்கள் கழித்துத்தான் வெளியே வந்தது. போட்டி, லைக்ஸ், பரிசு என்று போனால் இப்படியும் ஆகும். அந்த இருபதாயிரம் பேரில் மற்றவர்களுக்கு மிஞ்சியது போர்த்திக்கொள்ள ஒரு போர்வை. என்னைக் கேட்டா, அது மோசமான பேரம் இல்லை.

அப்படி என்னதான் இருக்கு இதில்?

மனசு சரியில்லாதபோது பெரிய வேலை எதையும் தொடங்கத் தோன்றாது. குவில்ட்டில் பெரிய வேலையே கிடையாது. ஒரு சதுரத்தை இன்னொரு சதுரத்தோடு சேர்க்கிற அஞ்சு அங்குலத் தையல்தான் மொத்த வேலையும். பத்து நிமிஷத்தில் முடியும். முடிந்தது கண்ணுக்கும் தெரியும். நாளைக்கு என்ன ஆகும்னு தெரியாத நாளில், ஒரு விஷயமாவது முடிஞ்சதுன்னு கையில் பிடிச்சுப் பார்க்க முடியறது சாதாரணமில்லை. கண்ணும் கையும் ஊசி முனையில் இருக்கும்போது மொபைலை எடுத்து ஸ்க்ரோல் பண்ணவும் முடியாது.

கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குவில்ட் குழு ஒன்றைச் சேர்ந்த 29 பேரிடம் பேசி ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். நிறங்களோடு புழங்குவது மனசைத் தூக்கிவிடுகிறது, வேலையில் மூழ்கும்போது கவலை விலகி நிற்கிறது, சேர்ந்து உட்கார்ந்து தைப்பதில் நட்பு கிடைக்கிறது என்பதெல்லாம் அவர்கள் சொன்னவை. சின்ன ஆய்வுதான். இதை வைத்து 'தையல் மனச்சோர்வைக் குணப்படுத்தும்' என்று யாராவது ரீல்ஸ் போட்டால் நம்பாதீங்க. தூக்கமோ சாப்பாடோ வாரக்கணக்கில் சரியாக இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிற நிலை என்றால் ஊசி நூல் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்க. அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம்.

நம்ம பக்கத்திலும் உண்டு

இது வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, புடவை பார்டரிலிருந்தே நூலை உருவித் தைக்கிற காந்தா இருக்கிறது. நாம் கந்தல், கந்தை என்கிறோமே, அந்தச் சொல்லின் உறவுக்காரச் சொல் அது. மகாராஷ்டிராவில் கோதடி, கர்நாடகத்தில் கௌதி. உத்தர கன்னடத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் போர்வையில், மூலைகளில் முக்கோணத் துணி மடிப்புகளால் ஒரு 'பூ' வைப்பார்கள். அது இல்லாத போர்வை அம்மணமாக இருப்பதுபோல என்பது அவர்கள் கணக்கு. நம் வீடுகளிலும் பாட்டியின் நைந்த நூல் புடவைதான் பிறந்த குழந்தைக்குத் தூளி, விரிப்பு எல்லாம். பலமுறை துவைத்த துணியின் மென்மை புதுத் துணியில் வராது.

சரி, கத்தரிக்கோலை எடுக்கலாமா?

முதல் நாளே அம்மா புடவையில் கை வைக்காதீங்க. பக்கத்து டெய்லர் கடையில் கேட்டால் வெட்டுத் துணி கொடுப்பார்கள். பாலிஸ்டரை ஒதுக்கிவிட்டு பருத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்து, காயவைத்து, அயர்ன் பண்ணுங்க. துவைக்காமல் தைத்தால், பிறகு சில துண்டுகள் சுருங்கி மொத்தமும் கோணலாகிவிடும்.

அட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டி, அதை வைத்து வரைந்து, 16 துண்டுகள் வெட்டுங்கள். நாலுக்கு நாலாகத் தரையில் பரப்பி நிறத்தை மாற்றி மாற்றி வையுங்கள். எனக்குத் தெரிந்து இந்த வேலையிலேயே ஜாலியான பகுதி இதுதான், அவசரப்படாதீங்க. மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் வரிசை மறக்காது. இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்கிற மாதிரி வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டு ஓட்டுத் தையல் போடுங்க. மெஷின் தேவையே இல்லை. ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை, பிறகு வரிசைகளை இணைப்பது. 18 அங்குலத்தில் ஒரு குஷன் கவருக்கான முன்பக்கம் ரெடி.

கை பழகிய பிறகு அந்தப் புடவைக்கு வாங்க. இங்கேதான் ஒரு நல்ல செய்தி. முழுப் புடவையையும் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. 45 அங்குல அகலப் புடவையில் ஒன்றேகால் கெஜம் வெட்டினால் 81 சதுரங்கள் கிடைக்கும். எட்டுக்குப் பத்தாக 80 துண்டுகள் சேர்த்தால் 36-க்கு 45 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வைக்கே போதும். இடுப்பில் சொருகும் உள்பக்கத்திலிருந்து வெட்டுங்கள். முந்தானையும் மீதிப் புடவையும் அப்படியே பீரோவில் இருக்கட்டும். வெட்டும் முன் முழுப் புடவையை விரித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்குப் பஞ்சு அடுக்கு வேண்டாம். நடுவில் ஒரு பழைய வேட்டி, அடியில் இன்னொரு மெல்லிய புடவைத் துணி போதும். மூன்றையும் சுருக்கம் இல்லாமல் விரித்து, குண்டூசி குத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தையல் போட்டு வாருங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொண்டு நிற்கும். பட்டுப் புடவை என்றால் யோசிங்க. பழைய பட்டு மடிப்பிலேயே கிழியும், ஜரிகை குழந்தையின் தோலை உறுத்தும்.

இறந்தவர்களின் துணியை வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது என்று சொல்கிற பெரியவர்கள் உங்க வீட்டில் இருக்கலாம். சண்டை போட வேண்டாம். அத்தையையோ சித்தியையோ கூப்பிட்டு உட்கார வைத்து, நாலு துண்டை மட்டும் கையில் கொடுங்க. "இது நம்ம சீமந்தத்துக்கு எடுத்தது"ன்னு அவங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க. அப்படிக் கிடைக்கிற கதைகளை மொபைலில் ரெக்கார்டு பண்ணிக்கோங்க.

முடிந்ததும் பின்பக்க மூலையில் யார் தைத்தது, யாருடைய துணி, எந்த வருஷம் என்று நூலால் எழுதிவிடுங்கள். பேனா மை துவைக்கத் துவைக்கப் போய்விடும். துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிழியாமல், நிழலில் தட்டையாகக் காயப்போட வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். சாங்கி சிறைப் பெண்கள்கூட இதை மறக்கவில்லை. வீரர்களுக்கான அன்பையும் அனுதாபத்தையும் போர்வையின் பின்பக்கம் எம்ப்ராய்டரி செய்துவிட்டு, கீழே ஒரு குறிப்பும் தைத்து அனுப்பினார்கள்: இதை டிரை கிளீன் செய்வது நல்லது.