ஏரிச் சேற்றில் குரோமியம்: நட்டஈட்டுப் பட்டியலில் இல்லாதவர்கள்

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் என்றதும் எல்லோரும் தண்ணீரின் நிறத்தைப் பேசுவார்கள். நாம் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் சேற்றைப் பேச வேண்டியிருக்கிறது.

தண்ணீர் ஓடிவிடும், வற்றிவிடும். உலோகம் போகாது. குரோமியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு ஏரியின் அடியில் அடுக்கடுக்காகப் படியும். மட்காது, எரித்தாலும் அழியாது. தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறன் குரோமியம் எளிதில் கரையாது, அதனால் ஆபத்து குறைவு என்று ஆலைத் தரப்பில் சொல்வார்கள். பாதி உண்மை. கோடையில் ஏரி வற்றிச் சேற்றில் காற்றுப் படும்போது, மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு அதில் ஒரு பகுதியை அறுவிணைதிறன் குரோமியமாக மாற்றக்கூடும். அது நீரில் கரையும், தோலைப் புண்ணாக்கும், தூசியாக நெஞ்சுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். சேற்றுப் புழு, நத்தை, மீன் எல்லாம் நமக்கு முன்பே அதை உண்டு வாழ்கின்றன.

இது பழங்காலத்து நஞ்சு அல்ல. வட ஆற்காட்டுத் தோல் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையில்தான் ஊறியது. அப்போதும் நாற்றமும் உப்பும் உண்டு. செத்த மாட்டைத் தூக்கியவனும் தோலை உரித்தவனும் நம் ஆள்தான். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலை ஊக்குவித்தபோது குரோம் முறை பரவலானது. ஆலைகளுக்குத் தேவையான குரோமேட் உப்பை ராணிப்பேட்டையிலேயே தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் மூடப்பட்டபோது, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச் சென்றது. அது ஒவ்வொரு மழைக்கும் கரைந்து நிலத்தடி நீருக்குள் இறங்கியது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. சட்டம் படிக்கும் தோழர்கள் பாடமாகவே படித்திருப்பீர்கள். தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நட்டஈடு நிர்ணயித்தது.

நல்ல தீர்ப்புதான். ஆனால் ஈடு கெட்டுப்போன நிலத்துக்கு. பட்டா இருப்பவருக்கு இழப்பு இருக்கிறது. அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டு, கிணறு கெட்டதும் வேலையே இல்லாமல் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் ஆலைக் குழியில் இறங்கப் போன சேரி மக்களுக்கு என்ன இழப்பு என்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

ஏரித் தண்ணீரிலிருந்து நம்மை விலக்கி வைத்தார்கள். 1927இல் மகாடு சவுதார் குளத்தில் நீர் அள்ளவே அண்ணல் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. ஏரியின் சேறு மட்டும் என்றைக்கும் நமக்கு விலக்கானதில்லை. மதகு திறந்த நீர்க்கட்டி, வாய்க்கால் தூர்வாரியவர், வண்டலை வயலுக்குச் சுமந்தவர் என்று வடமாவட்டங்களில் பெரும்பாலும் நம்மவர்களே. இன்று நூறு நாள் வேலையில் மண்வெட்டியோடு ஏரிக்குள் நிற்கும் அக்காமார்களைப் பாருங்கள். கையுறை இல்லை, காலில் செருப்பும் இல்லை.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தக் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சுத்திகரிப்பு என்ற பெயரில் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு அது. பிரித்த பிறகு வைக்க இடமில்லை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே வேலூர் விவகாரத்தில் மறுபடி தலையிட்டு, கண்காணிக்க ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. பாலாறு மாசு இன்னும் தீரவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் குழு தண்ணீரை மட்டும் புட்டியில் பிடித்துப் போகாமல், ஏரிகளின் அடிமண்ணை ஆழம்வாரியாக எடுத்துச் சோதிக்க வேண்டும். ஈடு கணக்கில் நிலமற்ற கூலிகளையும் சேர்க்க வேண்டும்.

மே 1 கிராமசபைக்குப் போகும் தோழர்கள் ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள்: தோல் ஆலைக் கழிவு வந்த ஏரி எதையும், மண் பரிசோதனை முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்டாமல் தூர்வாரக் கூடாது, அந்த வண்டலை வயலுக்கும் செங்கல் சூளைக்கும் கொடுக்கக் கூடாது.