கையொப்பம் இல்லாத நகல்

1944இல் கொழும்பு அரசாங்கம் அச்சிட்ட ஓர் ஆவணம் இருக்கிறது. செஷனல் பேப்பர் 14 என்று எண். பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இலங்கைக்கு அதன் மந்திரிகளே எழுதிக்கொண்ட அரசியலமைப்பு நகல் அது. மந்திரிமார் நகல் என்றுதான் வரலாற்று நூல்கள் அதைக் குறிப்பிடும். எழுதியவர் பெயரோ ஆலோசகர் பெயரோ அதில் கிடையாது. அரசு ஆவணங்களில் இது வழக்கம்தான் என்றாலும், உள்ளே போனால் சந்தேகம் தட்டுகிறது. மந்திரிகளின் தலைவர் டி.எஸ். சேனநாயக்கா விவசாயமும் காணியும் அறிந்தவர். சட்டம் படித்தவர் அல்லர். நகலின் நடையோ, சட்டத்தை வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவருடையது.

நான் அந்த நகலிடம் போய்ச் சேர்ந்தது வேறு காரியமாகத் தேடியபோது. விபுலானந்த அடிகள் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவரும் அவரே. ஒரு துறவியை இப்படி இரண்டு பல்கலைக்கழகங்கள் முதல் நாற்காலியில் உட்கார வைத்த கதையை எழுத நினைத்தேன். அதற்கு அன்றைய துணைவேந்தர் யார், எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும். அவர் ஐவர் ஜென்னிங்ஸ். அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததும் அடிகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வெளியில் தெரிந்த வாழ்க்கை நேரானது. 1903இல் பிரிஸ்டலில் பிறந்தார். லண்டனில் சட்ட ஆசிரியர். முப்பது வயதில், 1933இல், பிரிட்டிஷ் அரசியலமைப்பைப் பற்றி ஒரு நூல். 1936இல் மந்திரிசபை முறை பற்றி, 1939இல் நாடாளுமன்றம் பற்றி என்று அடுத்தடுத்து. சட்ட மாணவர்கள் அவற்றை இன்றும் புரட்டுகிறார்கள். 1941இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வராகக் கப்பலேறினார். 1906 முதலே பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் கேட்டுவந்த பல்கலைக்கழகம் 1942 ஜூலை 1 அன்று பிறந்தது. அந்தக் கல்லூரியும் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அதில் கலந்தன. முதல் துணைவேந்தர் ஜென்னிங்ஸ்தான். பேராதனையில் மகாவலிக் கரையில், ஹந்தானை மலையடிவாரத்தில் எழுந்த வளாகம் அவர் காலத்தது. 1952இல் பல்கலைக்கழகம் அங்கே குடிபெயர்ந்தது. 1954 ஏப்ரலில் எலிசபெத் அரசியின் முன்னிலையில் அவர் கணவர் எடின்பரோ கோமகன் திறந்து வைத்தார். அருணாசலத்தின் பெயரும் அவர் அண்ணன் இராமநாதனின் பெயரும் அங்கே விடுதிகளுக்குச் சூட்டப்பட்டிருக்கின்றன. கொழும்புக்கும் பேராதனைக்கும் இடையே ஓயாமல் காரில் போய்வந்தவர் அந்தக் கண்டி வீதியைப் பற்றியே ஒரு சிறு நூல் எழுதிவைத்தார்; அது அச்சானது 1993இல்.

இத்தனை வேலைக்கு நடுவே ஒரு நாட்டின் அரசியலமைப்பை எழுத ஒருவருக்கு நேரம் இருந்திருக்குமா?

முதல் தடயம் பல்கலைக்கழகத்துக்கு வெளியே கிடைத்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அப்போது சிவில் பாதுகாப்பு ஆணையர் ஆலிவர் குணதிலக்க. துணை ஆணையர் ஜென்னிங்ஸ். குணதிலக்க யார் என்று இலங்கை அரசியல் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சேனநாயக்காவின் வலக்கை, பிற்பாடு முதல் இலங்கையராக மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்) ஆனவர். அரிசிப் பங்கீடும் பதுங்குகுழியும் பேச வந்த இடத்தில் சட்டப் பேராசிரியரும் அரசு அதிகாரியும் நெருங்கிவிட்டார்கள். 1943 மே மாதம் லண்டன் ஓர் அறிவிப்பு விடுத்தது: மந்திரிகள் ஒரு நகலைத் தயாரித்தால் போருக்குப் பின் பரிசீலிப்போம் என்று. தயாரிக்க ஆள் தேவைப்பட்டது. ஆள் பக்கத்திலேயே இருந்தார்.

இது சூழ்நிலைச் சாட்சியம்தான். எழுத்திலேயே சாட்சியம் வேண்டுமென்றால் 1948இல் விடுதலை பெற்ற இலங்கையின் அரசியலமைப்பில் 4ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். மகாதேசாதிபதி தம் அதிகாரங்களை இங்கிலாந்தில் வழங்கும் அரசியல் மரபுகளின்படி செலுத்த வேண்டும் என்கிறது அது. எழுதப்படாத மரபை எழுதப்பட்ட சட்டத்துக்குள் ஒரே வாக்கியத்தில் கொண்டுவரும் தந்திரம். அந்த மரபுகள் என்பவை எவை, ஒரு வழக்கம் எப்போது மரபாகிறது என்று 1933 நூலில் விளக்கி, அதற்குச் சோதனை முறையும் வகுத்தவர் ஜென்னிங்ஸ். பூட்டைச் செய்தவனே சாவியையும் செய்திருக்கிறான் என்று தோன்றியது.

இன்னொன்று 29ஆம் பிரிவு. எந்த ஒரு சமூகத்துக்கோ மதத்துக்கோ மட்டும் தடை விதிக்கும் சட்டத்தையும், ஒன்றுக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையும் நாடாளுமன்றம் இயற்றக்கூடாது என்பது அது. சிறுபான்மையினருக்குக் கிடைத்த முக்கியமான காப்பு இதுதான். இதன் மூலம் 1920ஆம் ஆண்டு அயர்லாந்து அரசுச் சட்டம், 5ஆம் பிரிவு. கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்தருக்கும் இடையிலான சிக்கலுக்காக எழுதப்பட்ட வாசகம் தமிழருக்கும் சிங்களருக்கும் இடையில் வந்து உட்கார்ந்தது. கொழும்பு மந்திரி எவரும் அயர்லாந்துச் சட்டத்தைத் துழாவி இதை எடுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

1944 கடைசியில் அரசியலமைப்பை ஆராய லண்டன் அனுப்பிய சோல்பரி ஆணைக்குழு வந்தது. தமிழர் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதன் முன் ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது சிங்களருக்குப் பாதி இடம், சிறுபான்மையினர் அனைவருக்குமாகப் பாதி இடம், கேட்டார். சிறுபான்மையினரையும் கேட்டறிய ஓர் ஆணைக்குழு வருவது முதலில் தந்த வாக்குறுதிக்கு மாறு என்று மந்திரிகள் அதைப் பகிஷ்கரித்தார்கள். தனிப்பட்ட விருந்துகளிலும் பயணங்களிலும் மட்டும் தாராளமாகப் பேசிக்கொண்டார்கள். ஆணைக்குழுவின் அறிக்கையும் பெரும்பாலும் அந்தப் பெயரில்லாத நகலைத்தான் பின்பற்றியது. மேலவை ஒன்றைச் சேர்த்தது முக்கியமான மாற்றம்.

பெயர் கிடைப்பதற்கு நெடுங்காலம் ஆயிற்று. 1949இல் இலங்கை அரசியலமைப்பைப் பற்றி ஜென்னிங்ஸ் ஒரு விளக்க நூல் வெளியிட்டார். வெளியிலிருந்து பார்த்தவருக்குத் தெரியக்கூடியதைவிட அதிகம் தெரிந்தவர் எழுதிய நூல் என்பது அதைப் படிக்கும்போதே புலப்படும். 1965இல் அவர் இறந்தபோது பேராதனைக் கதையைச் சொல்லும் சுயசரிதை அச்சேறாமல் கிடந்தது. பேராதனை நூலகர் எச்.ஏ.ஐ. குணதிலக்க பதிப்பித்த வடிவில் அது வெளிவந்தது 2005இல்தான். லண்டன் பல்கலைக்கழகத்தின் காமன்வெல்த் ஆய்வு நிறுவனத்துக்குப் போன அவருடைய தாள்களிலிருந்து ஒரு தொகுப்பை எச். குமாரசிங்கம் 2015இல் பதிப்பித்தார். அரசியலமைப்பை ஆக்கியவர் என்றே அதன் தலைப்பு ஜென்னிங்ஸைச் சொல்கிறது. சேனநாயக்காவுக்குக் குறிப்பு எழுதிக்கொடுத்தவர், நகலை வரைந்தவர், லண்டனோடு நடந்த பேரத்துக்கு வாதங்களை அடுக்கித் தந்தவர் எல்லாம் துணைவேந்தரே. சம்பளம் பல்கலைக்கழகத்தில், வேலை இரண்டு இடத்தில்.

இத்துடன் கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் அவருடைய நூல்பட்டியலில் ஒரு சென்னை முகவரி கண்ணில் பட்டது. 1952 மார்ச்சில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் சொற்பொழிவாற்றியிருக்கிறார். அப்போது இங்கே துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், அவரும் ஜென்னிங்ஸைப் போலவே 1942இல் பொறுப்பேற்றவர். சொற்பொழிவு அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் சஷ்டியப்தபூர்த்தி நினைவாக ஏற்பட்ட அறக்கட்டளையின் பெயரில். அல்லாடி, இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் இருந்தவர். அப்போது உயிரோடும் இருந்தார். அவர் பெயரிலான மேடையிலேயே இந்திய அரசியலமைப்பைக் கூறுபோட்டார் ஜென்னிங்ஸ். மிக நீளம், வளைந்து கொடுக்காத இறுக்கம், வழக்கறிஞர்களின் கைவண்ணம், அடிப்படை உரிமைகளை எழுதிவைத்தது வீண் வம்பு என்ற தொனி. தொடக்க வடிவிலேயே இருந்த 395 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் அவருக்கு உறுத்தின. அவருடைய இலங்கைச் சட்டத்தின் பிரிவுகள் நூறைத் தொடவில்லை.

எந்த ஊரில் நின்று அதைச் சொன்னார் என்பதுதான் வேடிக்கை. ஓராண்டுக்கு முன்புதான், அடிப்படை உரிமைகளை முன்வைத்த செண்பகம் துரைராஜன் வழக்கு சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போய், கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி அரசாணையை வீழ்த்தி, அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கே ஒரு காரணமாகியிருந்தது. அந்த உரிமைகள் சென்னையில் பலருக்கு எரிச்சலும் ஊட்டின. ஆனால் அவை வேலை செய்தன. நீதிமன்றம் கேட்டது, நாடாளுமன்றம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஜென்னிங்ஸ் எழுத்தைவிட ஆட்களை நம்பினார். பல்கலைக்கழகத்தையும் அப்படியே நடத்தினார், நாட்டையும் அப்படியே பார்த்தார் என்பது என் கணிப்பு. சேனநாயக்கா என்ற மனிதர் இருக்கும்வரை 29ஆம் பிரிவு போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். அந்த மனிதரின் அரசாங்கமே 1948இல் குடியுரிமைச் சட்டமும் 1949இல் தேர்தல் திருத்தமும் கொண்டுவந்து, மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. ஜென்னிங்ஸ் சென்னையில் பேசிய அதே மார்ச்சில் சேனநாயக்கா குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அதை அடுத்து நடந்த பொதுத் தேர்தலில், 1947இல் மலையகத் தமிழரின் கட்சியான சிலோன் இந்தியன் காங்கிரஸ் வென்ற தோட்டத் தொகுதிகளிலிருந்து அந்தக் கட்சியின் உறுப்பினர் ஒருவர்கூட வரவில்லை.

சென்னைச் சொற்பொழிவுகள் 1953இல் நூலாயின. அதே ஆண்டு லண்டன் பிரிவி கவுன்சிலில் கோடகன் பிள்ளை வழக்கு முடிந்தது. வாக்குரிமை பறிக்கும் சட்டம் 29ஆம் பிரிவை மீறுகிறது என்ற வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. சட்டத்தின் வாசகம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லவில்லை. யார் குடிமக்கள் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் உரிமை என்றார்கள். 29ஆம் பிரிவு அப்படியே இருந்தது, வாக்குகள் போய்விட்டன. 1972இல் அந்தப் பிரிவும் அரசியலமைப்போடு சேர்ந்து போயிற்று.

ஜென்னிங்ஸ் 1955இல் பேராதனையை விட்டுக் கேம்பிரிட்ஜ் போனார். ட்ரினிட்டி ஹால் தலைவராகவும், சில ஆண்டுகள் கழித்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராகவும் இருந்தார். நடுவில் மலாயாவுக்கு அரசியலமைப்பு வகுக்க அமைந்த ரீட் ஆணைக்குழுவில் உறுப்பினர். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக்கும் அதில் இருந்தார். 1957இல் அவர்கள் அளித்த அறிக்கையில் அடிப்படை உரிமைகளைச் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்ற பரிந்துரை இருக்கிறது. இம்முறை ஆவணத்தில் ஜென்னிங்ஸின் பெயரும் இருக்கிறது.