பழைய ஜொகூர்



கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஜொகூர் ஆறு புதியதன்று. அந்த ஆறு கடலை நோக்கிச் செல்லும் வழியில், அதன் கரையில் ஜொகூர் லாமா என்ற சிறிய மலாய்க் கம்பம் இருக்கிறது. 'லாமா' என்றால் பழைய என்று பொருள். இன்று அமைதியாக இருக்கும் இந்தக் கம்பம் ஒரு காலத்தில் ஓர் அரசின் தலைநகரமாக விளங்கியது. அந்த வரலாற்றை இன்று நாம் சற்றுப் பார்ப்போம்.

1511-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். நாட்டை இழந்த சுல்தான் மாமூட் ஷா, 1528-இல் சுமத்ராவிலுள்ள கம்பாரில் இறந்தார். அவருடைய மகன் அலாவுதீன் ரியாயத் ஷா ஜொகூர் அரசை நிறுவினார். 1540 வாக்கில் ஜொகூர் லாமா அதன் தலைநகரமாயிற்று.

இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? கடலிலிருந்து கப்பல்கள் ஆற்று வழியே இங்கு வந்து சேரலாம். மேடான கரையில் நின்றால், வருகிற கப்பலைத் தொலைவிலேயே கண்டுகொள்ளலாம். அந்த மேட்டில் மண்ணைக் குவித்து, கல் அடுக்கிக் கோட்டை கட்டினார்கள். அதற்குக் கோத்தா பத்து, அதாவது கற்கோட்டை, என்று பெயர்.

ஆனால் வணிகத்தைக் கொண்டுவந்த அதே ஆறு பகைவரையும் கொண்டுவந்தது. 1564-இல் அச்சே நாட்டுப் படை தாக்கி, சுல்தானைச் சிறைபிடித்துச் சென்றது. ஊர் மீண்டும் தலையெடுத்தது. பின்னர் ஜொகூர்ப் படைகள் மலாக்காவுக்குச் செல்லும் கடல்வழியை மறித்தன. அதனால் சினமுற்ற போர்த்துக்கீசியர், 1587-இல் பாவ்லோ டி லிமாவின் தலைமையில் வந்து நகரை அழித்தார்கள். தலைநகரம் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள பத்து சாவாருக்கு மாறியது. ஜொகூர் லாமாவின் பெருமை மங்கியது.

1950-களிலும் 1960-இலும் ஆய்வாளர்கள் அங்கே மண்ணைத் தோண்டினார்கள். கோட்டையின் மதிலும் சீனப் பீங்கான் ஓடுகளும் வெளிப்பட்டன. கடல் கடந்து நடந்த வணிகத்துக்கு அந்த ஓடுகளே சாட்சி.

நேயர்களே, சுல்தான்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. படைத்தலைவனின் பெயரும் தெரிகிறது. ஆனால் அந்த மதிலுக்கு மண் சுமந்தவர் யார்? அந்தப் பீங்கானில் உண்டவர் யார்? யாரும் எழுதிவைக்கவில்லை, ஆகவே நாம் அறிய வழியில்லை.

நம்முடைய தோட்டங்களும் இப்படித்தான் மாறிவருகின்றன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. லயங்கள் இருந்த எத்தனையோ இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்துள்ளன. காடு வெட்டி, பால் மரம் சீவி, இந்த மண்ணில் உழைத்தவர்களின் பெயர்களும் மறைந்துபோகலாமா?

வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் பிள்ளைகள் கேட்கட்டும். எந்தத் தோட்டம், எந்த லயம், கோவிலை எழுப்பியவர் யார், பள்ளியில் முதன்முதலில் படித்தவர் யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கட்டும். பின்னால் வருகிறவர்கள் மண்ணைத் தோண்டித்தான் நம்மைத் தேட வேண்டும் என்ற நிலை வரக்கூடாது.