சனிக்கிழமை யாருடையது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து என்றாலே சனிக்கிழமைதான், வாரநாள் இரவு ஆட்டமெல்லாம் தொலைக்காட்சிக் காசுக்காக வந்த கேடு என்று பழைய ரசிகர்கள் குறைப்படுவதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதிய முதல் ஆட்டம் சனிக்கிழமை நடந்தது உண்மைதான். ஆனால் அந்த நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கையே திரட்டிய யேல்–பிரின்ஸ்டன் ஆட்டங்கள் நன்றி நவிலல் நாளான வியாழக்கிழமைகளில் நடந்தவை. மின்விளக்கில் ஆடிய முதல் இரவு ஆட்டமோ புதன்கிழமை: 1892 செப்டம்பர் 28, பென்சில்வேனியாவின் மான்ஸ்ஃபீல்டில் ஊர்க் கண்காட்சியை ஒட்டி நடந்தது. வெளிச்சம் போதாமல், யாரும் புள்ளி எடுக்காத நிலையில் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள்.

வாரநாள் ஆட்டம் பெருகியதற்கு வேர் 1984-இல் இருக்கிறது. தொலைக்காட்சி வந்தால் மைதானம் காலியாகிவிடும் என்று அஞ்சிய, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 1950களின் தொடக்கத்திலிருந்தே ஒளிபரப்பைத் தன் கைக்குள் வைத்திருந்தது. எந்த அணி எத்தனை முறை திரையில் வரலாம் என்பதையும் அதுவே முடிவு செய்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. கதவு திறந்ததும் சனிக்கிழமைத் திரையைப் பெரிய அணிகள் நிறைத்துக்கொண்டன. டொலீடோ, பௌலிங் கிரீன் போன்ற மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் அணிகளோ ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் ஆகியவற்றின் நிழலில் இருப்பவை. சனிக்கிழமையில் அவற்றைச் சீந்த ஆளில்லை. ஆகவே நவம்பர் மாதத்துச் செவ்வாய், புதன் இரவுகளை ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சி கேட்டபோது கொடுத்தார்கள். லூயிவில் பல்கலைக்கழகமும் இதே வழியில் சென்றது: 2002-இல் ஒரு வியாழக்கிழமை இரவு, கொட்டும் மழையில், புகழ்பெற்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்தியதை நாடே பார்த்தது. சனிக்கிழமையின் நெரிசலில் அந்த வெற்றி இத்தனை கண்களை எட்டியிருக்காது.

வாரநாள் ஆட்டத்தால் படிப்பு கெடும் என்பது முதல் ஆட்சேபம். 1984 தீர்ப்பில் மாறுபட்ட இருவரில் ஒருவரான நீதிபதி பைரன் வைட், தாமே கல்லூரிக் கால்பந்து நட்சத்திரமாக இருந்தவர். கல்வி நோக்கம் சந்தைக்குப் பலியாகும் என்ற அவரது கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கூடைப்பந்து வீரர்கள் காலங்காலமாக வாரநாளிலும் ஆடுகிறார்கள், அதுவும் இன்னும் அதிக ஆட்டங்கள். அதைக் கேட்காமல் கால்பந்தின் ஓரிரு இரவுகளை மட்டும் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. காலி இருக்கைகள் பற்றிய புகார் இதைவிடக் கனமானது. உறையும் குளிரில், மறுநாள் வேலையை வைத்துக்கொண்டு, பிள்ளைகளுடன் இரவு பதினொரு மணிவரை யார் உட்கார்ந்திருப்பார்கள்? இழப்பு உண்மையானது, அதைச் சுமப்பவர்கள் உள்ளூர் ரசிகர்கள். என்றாலும் சிறிய கல்லூரிகள் தெரிந்தே கொடுத்த விலை அது. வேறு வழியில் அவர்களுக்குத் தேசியத் திரை கிடைத்திருக்காது.

வெள்ளிக்கிழமைக்கு இந்த வாதம் பொருந்தாது. அது உயர்நிலைப் பள்ளி அணிகளின் இரவு. ஊரே திரளும் அந்த நாளைக் காக்க, பருவத்தின் பெரும்பகுதியில் வெள்ளி இரவிலும் சனியிலும் தொழில்முறை ஆட்டங்களின் ஒளிபரப்பை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கல்லூரிகளை அது கட்டுப்படுத்தவில்லை. அந்த இடைவெளியில்தான் பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான பிக் டென் 2017 முதல் வெள்ளி ஆட்டங்களைக் கொண்டுவந்தது. சனிக்கிழமையில் இடமில்லாதவர்கள் அல்ல இவர்கள். அந்த நாளையே ஆள்பவர்கள். டிக்கெட் விற்று அணியை நடத்தும் பள்ளிக்கு இதில் எந்தப் பேரமும் இல்லை, இழப்பு மட்டுமே. பயிற்சியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் வெள்ளிக்கிழமை ஆட மாட்டோம் என்று அப்போதே சொல்லிவிட்டது. மற்ற பெரிய பல்கலைக்கழகங்களுக்கும் அப்படிச் சொல்லும் வலு இருந்தது.