அலர்ஜி மாத்திரையும் தாய்ப்பாலும்: ஒரு குட்டி வரலாறு

தும்மல், அரிப்பு, மூக்கொழுகல் என்றால் நாம் போடும் அவில், செட்ரிசின் எல்லாமே 'ஆன்டிஹிஸ்டமின்' குடும்பம்தான். பால் கொடுக்கும் தாய் இதைப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். "மாத்திரை போட்டால் பாலை நிறுத்து" என்பார் ஒருவர். "பால் மறக்கும் வரை பொறுத்துக்கொள்" என்பார் இன்னொருவர். இந்தக் குழப்பம் எங்கே ஆரம்பித்தது என்று தேடியதில் கிடைத்ததே இந்தப் பதிவு.

1937. பாரிசின் பாஸ்டர் ஆய்வகம். டேனியல் போவே என்பவரும் அவர் மாணவி ஆன்-மரி ஸ்டாபும் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் வேதிப்பொருள் பற்றி எழுதினார்கள். ஆனால் அதில் நச்சுத்தன்மை அதிகம், மனிதர்களுக்கு ஆகாது. மனிதர்களுக்கான முதல் மருந்து 1942-ல் பிரான்சில் வந்தது, பெயர் ஆன்டெர்கான். நம் ஊரில் இருமல் சிரப்பாகத் தெரிந்த பெனட்ரில், அமெரிக்காவில் 1946-ல் அலர்ஜி மருந்தாக வந்தது. போவேக்கு 1957-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இந்தப் பழைய மருந்துகள் மூளைக்குள்ளும் போகும், அதனால்தான் தூக்கம் வருகிறது. அம்மாவுக்கே தூக்கம் என்றால் பால் குடிக்கும் குழந்தைக்கு? நியாயமான கேள்விதான். ஆனால் பாலை அளந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. தாலிடோமைடு மாத்திரையால் குழந்தைகள் ஊனமாகப் பிறந்தது 1961-ல் வெளிவந்த பிறகு எல்லோருக்கும் பயம். கருத்தரிக்கக்கூடிய பெண்களை ஆரம்பகட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொன்னது. அது மாறியது 1993-ல்தான். நோக்கம் நல்லது, ஆனால் பெண்களைப் பற்றிய தகவல் சேரவில்லை.

இந்த நிலையில் 1982-ல் 'லான்செட்' இதழில் ஒரு செய்தி. கிளெமாஸ்டின் என்ற அலர்ஜி மருந்தைத் தாய் எடுத்ததும் அவரது பத்து வாரக் குழந்தை தூங்கி விழுந்தது, பால் குடிக்க மறுத்தது, கீச்சுக்குரலில் அழுதது. மருந்தை நிறுத்தியதும் குழந்தை சரியாகிவிட்டது. அந்தத் தாய் வலிப்பு மருந்துகளும் எடுத்துவந்தார் என்பதையும் கவனியுங்கள். இந்த ஒரு குழந்தையின் கதைதான் பல வருடங்கள் எச்சரிக்கைப் பட்டியல்களில் பேசியது.

பிறகுதான் அளந்தார்கள். 1988-ல் ஆறு தாய்மார்களுக்கு லோராடடின் 40 மி.கி. கொடுத்தார்கள். வழக்கமான அளவைப் போல நான்கு மடங்கு. 48 மணி நேரத்தில் பாலுக்கு வந்தது சுமார் 0.03 சதவீதம் மட்டுமே! 1993-ல் டொரொண்டோவில் 838 குழந்தைகளைப் பற்றித் தாய்மார்களிடம் தொலைபேசியில் விசாரித்தார்கள். அலர்ஜி மருந்து எடுத்த தாய்மாரில் சுமார் பத்தில் ஒருவர் குழந்தை சிணுங்கியதாகச் சொன்னார். தூக்கக் கலக்கம் அபூர்வம். ஒரு குழந்தையையும் அதற்காக டாக்டரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்திலும் இருந்தது. சளி மாத்திரைகளில் அலர்ஜி மருந்தோடு சூடோஎபிட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்து வருவதுண்டு. 2003-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் எட்டுத் தாய்மார்கள் இதை 60 மி.கி. ஒரே ஒரு வேளை எடுத்ததற்கே அன்றைய பால் சராசரியாக 24 சதவீதம் குறைந்தது.

இன்று லோராடடின், செட்ரிசின் போன்றவற்றை வழக்கமான அளவில் எடுக்கப் பெரும்பாலும் தடையில்லை. தூக்கம் வரவழைக்கும் பழைய மருந்துகளை அதிக அளவிலோ பல நாட்களோ எடுத்தால்தான் கவனம் தேவை. குழந்தைக்குத் தூக்கம் வரலாம், பாலும் குறையலாம்.

காமர்ஸ் படிப்பவன் என்பதால் எனக்குத் தோன்றுவது இதுதான். பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும். "பால் கொடுப்பவர்கள் தவிர்க்கவும்" என்று ஒரு வரி போட்டவர்கள் மருந்தின் ஆபத்தை மட்டும் கணக்கில் எழுதினார்கள். அந்த வரியைப் படித்துவிட்டுப் பாலை நிறுத்திய தாய்க்கும் குழந்தைக்கும் ஆன நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

டிஸ்கி: அடியேன் பி.காம் மாணவன், டாக்டர் அல்ல. குறைமாதக் குழந்தை, பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் கட்டாயம் மருத்துவரைக் கேட்டுவிட்டே மாத்திரை போடுங்கள்.